ஊதிய காற்றும் உள்ளிருந்த காற்றும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு விழாவில் வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்டரோல் என்று வழக்கமான மூன்றில் ஒன்று வரும் என்றுதான் சபையில் இருப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். அவற்றைப் பற்றி நீங்கள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருப்பீர்கள். ஆகவே யாரும் பேசாத ஒரு சின்ன விடயத்தை எடுத்து வந்திருக்கிறோம். நுரையீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள் அல்லவா? அந்த அறிக்கையின் மூலையில், யாரும் வாசிக்காத எழுத்தில், அறையின் வெப்பநிலை என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் பரிசோதனையைச் சொல்லிவிடுவோம். மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, குழாயைப் பல்லால் கவ்வி, முழு வேகத்தில் ஊதித் தள்ள வேண்டும். கடைசிச் சொட்டுக் காற்று வரும்வரை விடக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் “ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று கத்துவார். கோபித்துக்கொள்ள வேண்டாம், கத்துவது அவருடைய கடமை. இந்தக் கருவிக்கு ஸ்பைரோமீற்றர் என்று பெயர். மொத்தமாக வெளிவந்த காற்று எவ்வளவு என்பது ஓர் எண். முதல் ஒரு விநாடியில் வந்தது எவ்வளவு என்பது இன்னோர் எண். குழாய்கள் சுருங்கியிருக்கிறவருக்கு, அதாவது ஆஸ்துமாவும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயும் உள்ளவருக்கு, முதல் விநாடியில் வர வேண்டியது வராது. நுரையீரலே இறுகிச் சுருங்கியவருக்கு மொத்தமே குறைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நெஞ்சுக்குள் 3 லீற்றர் காற்று இருந்து அதை முழுக்க ஊதினாலும் கருவிக்குள் 3 லீற்றர் போய்ச் சேராது. 25 பாகை செல்சியஸ் உள்ள அறையில், ஊதிய காற்று அறையின் சூட்டுக்கு வந்த பிறகு அளந்தால் 2.8 லீற்றர் அளவில்தான் இருக்கும். மீதி 200 மில்லிலீற்றர், அதாவது நல்ல ஒரு கோப்பைத் தேநீர் அளவு காற்று, எங்கே போயிற்று?

களவு போகவில்லை. நெஞ்சுக்குள் காற்று 37 பாகையில் இருக்கிறது. வெளியே வந்ததும் குளிர்கிறது, குளிர்ந்ததும் சுருங்குகிறது. சாதாரண தரத்தில் படித்த சாள்சின் விதிதான். “அமுக்கம் மாறாதிருக்க, ஒரு குறித்த திணிவுடைய வாயுவின் கனவளவு...” என்று இப்போதே சிலருடைய உதடுகள் அசைகின்றன. இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் சாள்ஸ் பாதிக் கணக்கைத்தான் தீர்ப்பார். 37 பாகையிலிருந்து 25க்கு இறங்கினால் சுருக்கம் 4 வீதம் மட்டுமே. மிச்சத்துக்குக் காரணம் தண்ணீர். நெஞ்சுக்குள் இருக்கிற காற்று ஈரம் நிறைந்த காற்று. 37 பாகையில் நிரம்பலாவியமுக்கம் 47 மில்லிமீற்றர் இரசம். 25 பாகையில் அது ஏறக்குறைய பாதி. ஆகவே மேலதிக நீராவி ஒடுங்கித் துளியாகிவிடுகிறது. சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் முத்து முத்தாக நிற்குமே, அதே விடயம்தான். ஆவியாக இருந்தபோது அது இடம் பிடித்திருந்தது, துளியான பிறகு அந்த இடம் காலி.

நோயாளியின் நெஞ்சுக்குள் இருந்த அளவுதான் நமக்கு வேண்டும், பெட்டிக்குள் சேர்ந்த அளவு அல்ல. எனவே அளந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கி, 37 பாகையில், ஈரம் நிறைந்த நிலையில் அது எவ்வளவாக இருந்திருக்கும் என்று திருப்பிக் கணிக்கிறோம். அறை 20 பாகை என்றால் காரணி 1.102. 25 என்றால் ஏறக்குறைய 1.074. 30 என்றால் 1.045. 37இல் அது 1, அதாவது திருத்தமே தேவையில்லை. சுருக்கமாகச் சொன்னால், அறையின் வெப்பநிலை ஒரு பாகை பிழைத்தால் விடை அரை வீதத்துக்குச் சற்று மேலே பிழைக்கும்.

வளிமண்டல அமுக்கமும் இந்தக் கணக்கில் வரும். “அப்படியானால் மலையில் எல்லாம் மாறிவிடுமே” என்று பௌதிகம் படித்த தங்கைமார் கேட்கலாம். மாறும், ஆனால் கொஞ்சம்தான். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கும் கடற்கரைக்கும், ஒரே 20 பாகை அறையில், வித்தியாசம் ஒரு வீதம் அளவில்தான். மாத்தளை நகரத்தில் அதைக் கவனிக்கவே தேவையில்லை. நம்மைக் குழப்புவது உயரம் கொண்டுவருகிற குளிர்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஸ்பைரோமீற்றரை உலகம் அறியச் செய்த ஆங்கில வைத்தியர் ஜோன் ஹட்சின்சன் தன் பெரிய கட்டுரையை வெளியிட்டது 1846இல். மாத்தளைக் கிளர்ச்சிக்கு இரண்டு வருடங்கள் முந்தியது. கோப்பித் தோட்டங்களுக்காக நம்முடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்த காலம் அது. ஹட்சின்சன் மாலுமிகள், பொலிஸ்காரர், தீயணைப்பவர், குத்துச்சண்டைக்காரர் என்று 2,000க்கும் மேற்பட்டோரை ஊத வைத்தார். அவருடைய கருவியில் வெப்பமானி இருந்தது. உயரம் ஓர் அங்குலம் கூடினால் ஊதும் காற்று 8 கன அங்குலம் கூடும் என்று சொன்னபோதும், 60 பாகை பரனைட்டில் என்று சேர்த்தே சொன்னார். அது ஏறக்குறைய 15.6 செல்சியஸ், இங்கிலாந்தின் அறைச் சூடு. ஆகவே அவருடைய எண்களை இன்றைய முறைக்குக் கொண்டுவர வேண்டுமானால் சுமார் எட்டில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். அவர் ஓர் ஆயுட் காப்புறுதிக் கம்பனிக்கும் வைத்தியராக இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்த நாளிலிருந்தே இந்தக் கருவி நோயை மட்டும் பார்க்கவில்லை. யாரை வேலைக்கு எடுக்கலாம், யாருக்குக் காப்புறுதி கொடுக்கலாம் என்பதையும் பார்த்தது.

இனி நம்முடைய மாவட்டத்துக்கு வருவோம். அறை என்றால் 20 முதல் 25 பாகை என்று நினைத்துச் செய்யப்பட்ட கருவிகள்தான் பல நாடுகளிலிருந்தும் வருகின்றன. நமக்கு ஒரே மாவட்டத்துக்குள் தம்புள்ளையும் இருக்கிறது, றிவர்ஸ்டனும் இருக்கிறது. சித்திரை மாதத்தில் தம்புள்ளையில் மின்விசிறி சுற்றுகிற அறையும் 32 பாகைக்கு வந்துவிடும். மார்கழி, தையில் இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து மருந்தகத்தில் காலை ஏழு மணிக்கு மேசை விரிப்பே சில்லென்றிருக்கும். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஓரிரண்டு மணித்தியாலம்தான்.

மலைநாட்டுச் சிகிச்சை நிலையம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம், இடம் வேண்டாம். அங்கிருந்த கருவியில் வெப்பநிலையைக் கையால் பதிய வேண்டும். யாரோ எப்போதோ 25 என்று பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. காலையில் அறை 17 பாகை, மதியத்தில் 27. கணக்குப் போட்டால் காலையில் ஊதியவர்களுக்கு 4 வீதம் குறைத்தும், மதியத்தில் ஊதியவர்களுக்கு ஒரு வீதம் கூட்டியும் விடை வரும். காலையில் வருகிறவர் யார்? முதல் பஸ்ஸைப் பிடித்து மேல் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறவர். ஆகவே மேல் தோட்டத்து ஆட்களின் நெஞ்சு டவுன் ஆட்களின் நெஞ்சை விட மோசம் போலத் தெரிந்தது. காரணம் சொல்லவும் ஆள் இருந்தது. கொழுந்து, குளிர், விறகுப் புகை என்றார்கள். ஆஸ்துமா விடியற்காலையில்தான் கூடுதலாக இருக்கும், அதனால் காலை எண்கள் குறைகின்றன என்றும் சொன்னார்கள். இவை எல்லாம் உண்மையான விடயங்கள் என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் கண்டுபிடித்தவர் ஒரு தாதி. தினமும் காலையில் தன்னையே கருவியில் ஊதிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. சுகதேகியான தன் எண்ணும் காலையில் குறைந்து மதியம் ஏறுவதைக் கண்டு, சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தார். அறிவு என்பது பட்டத்தில் இல்லை என்பதற்கு வைத்தியசாலைகளில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

மறுபக்கப் பிழை இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது சந்தோஷமான விடையைத் தரும். தம்புள்ளைப் பக்கத்தில் 32 பாகை அறை, கருவியில் பதிந்திருப்பது 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்க வேண்டியது 1.03 அளவில், பெருக்கியது 1.10. விடை ஏறத்தாழ 7 வீதம் ஊதிப் பெருத்துவிடும். எதிர்பார்க்கும் அளவில் 75 வீதம் மட்டுமே உள்ள ஒருவருக்கு அறிக்கை 80 என்று காட்டும். 80க்கு மேல் என்றால் சுகம் என்று நெடுங்காலமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு விஞ்ஞான ரீதியில் சரியல்ல, வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற கீழெல்லையைத்தான் பார்க்க வேண்டும் என்று இன்று சொல்கிறோம். ஆனாலும் பல இடங்களில் 80 இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவரிடம் “ஒன்றுமில்லை, வேலைக்குப் போங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அவர் போகிற வேலை என்ன? இது வாசனைத் திரவியங்களின் மாவட்டம். மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம் என்று வெளிநாட்டவருக்கு வரிசையாகக் காட்டிப் பெருமைப்படுகிறோம். அவற்றைச் சீவுகிற, இடிக்கிற, அரைக்கிற, சலிக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. நம் நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. உறகொட இதை நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே எழுதிவிட்டார். மிளகாய் அரைப்பவர்களின் உபாதைகளை 1967இலும், தேயிலைத் தூசால் தொழிற்சாலையில் வருகிற ஆஸ்துமாவை 1970இலும், கறுவா பதனிடுவோரின் நிலையை 1984இலும் வெளியிட்டார். கறுவாத் தொழிலாளர் 40 பேரை விசாரித்ததில் 9 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. இப்படிப்பட்ட ஒருவர் ஊத வரும்போது, அவருடைய எண்ணில் 5 வீதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கணிதப் பயிற்சி அல்ல. தூசில்லாத பகுதிக்கு மாற்றம் கேட்கவும் நட்டஈடு கேட்கவும் அவர் கையில் இருப்பது அந்த ஒரு தாள்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆஸ்துமா உண்டா இல்லையா என்பதை நாங்கள் முதலில் பார்ப்பது விகிதத்தை வைத்து. முதல் விநாடியில் வந்த காற்றை மொத்தக் காற்றால் வகுப்போம். மேலேயும் கீழேயும் ஒரே காரணி என்பதால் அது வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே வெப்பநிலைப் பிழை இந்தக் கேள்வியைப் பெரிதாகத் தொடாது. பழைய அறிக்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நமக்கு ஆஸ்துமா என்றது பிழையோ என்று யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

பிழை தொடுவது அளவை, அதிலும் முக்கியமாக வருடாவருடம் ஒப்பிடுகிற அளவை. வயது வந்த ஒருவருக்கு முதல் விநாடிக் காற்று இயல்பாகவே வருடத்துக்கு 25 முதல் 30 மில்லிலீற்றர் வரை குறையும். அது முதுமையின் வரி, எல்லோரும் கட்டுகிறோம். உண்மையில் 2.5 லீற்றர் ஊதக்கூடிய ஒரு பெண் 20 பாகை அறையில் ஊத, கருவி 30 பாகை என்று நினைத்தால் அவருக்கு 130 மில்லிலீற்றர் குறைத்துக் கொடுக்கும். ஐந்து வருட முதுமை ஒரே காலையில்! போன வருடம் சரியாக அளந்து, இந்த வருடம் இப்படி அளந்தால், நோய் வேகமாக முற்றுகிறது என்று மருந்தைக் கூட்டுவார்கள், ஸ்டீரொயிட் தொடங்குவார்கள், கொழும்புக்கு ஸ்கானுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இரவு யாரும் நித்திரை கொள்ளமாட்டார்கள்.

இப்போதைய கருவிகள் வெப்பநிலையைத் தாமே அளந்துகொள்கின்றன என்று கம்பனிக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் கருவிக்குள் இருக்கிற உணரி அளப்பது கருவியின் சூட்டை. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து, வெயிலில் நின்ற வானின் பின்பக்கத்தில் வைத்து, தோட்டத்து மண்டபத்தில் இறக்கிய உடனே ஊத வைத்தால் அது எந்த ஊர் வெப்பநிலையைச் சொல்லும்? நடமாடும் கிளினிக் நடத்துகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, முதலில் கருவியை மேசையில் வையுங்கள், பிறகு கதிரைகளை அடுக்குங்கள், பதிவை எழுதுங்கள், தேநீர் குடியுங்கள், அதற்குப் பிறகு ஊத வையுங்கள் என்பதுதான். அரை மணித்தியாலத்துக்குள் அறை 3 பாகைக்கு மேல் மாறுகிற இடமாக இருந்தால் வெப்பநிலையைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய சுவாச நோய்ச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொன்னது. ஒன்பது மணிக்கு வெயில் தகரக் கூரையில் விழுகிற கட்டடங்களை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள், ஆனால் விதி நமக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

கருவி கேட்கிற இன்னொரு கேள்வியையும் சொல்லாமல் போக முடியாது. உயரம், வயது, ஆண், பெண் என்பவற்றோடு பல கருவிகள் இனத்தையும் கேட்கும். 2012இல் வந்த உலகப் பொதுச் சமன்பாடுகளில் நம்மைப் போன்றவர்களுக்கென ஒரு பெட்டி இருக்கவில்லை, “ஏனையோர்” என்றுதான் பதிய வேண்டியிருந்தது. சனத்தொகைக் கணக்கெடுப்பிலே நம்மை எந்தப் பெட்டியில் போடுவது என்ற சச்சரவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் நாட்டில் பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த உடுபிஹில்ல, புகைபிடிக்காத ஆரோக்கியமான சிங்கள மக்களுக்கான அளவுகளை 1995இல் வெளியிட்டார். இப்போது இனம் கேட்காத பொதுச் சமன்பாடு வந்து, 2023 முதல் அமெரிக்கச் சங்கமும் அதையே பரிந்துரைக்கிறது. அது சரியா தவறா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் கருத்து, எந்தச் சமன்பாடு என்பதை அறிக்கையில் எழுத வேண்டும், வருடாவருடம் அதை மாற்றக்கூடாது. இனத்தைப் பற்றி இவ்வளவு வாதாடுகிறவர்கள் சுவர் வெப்பமானியை ஒரு தரம் பார்த்தால் போதும் என்று சில நேரம் தோன்றும்.

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விடுமுறையில் வரும்போது அங்கே எடுத்த அறிக்கையைக் கொண்டுவருகிறீர்கள், அம்மாவின் இங்கே எடுத்த அறிக்கையை அங்கே கொண்டுபோகிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவதற்குக் காரணமே இந்தத் திருத்தம்தான். வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் நெஞ்சுக்குள் 37 பாகை. ஒப்பிடும்போது இரண்டு தாள்களிலும் அறை வெப்பநிலை பதிவாகியிருக்கிறதா, அது அந்த ஊருக்கும் அந்த மாதத்துக்கும் நம்பக்கூடியதா என்று பாருங்கள். மூன்று தரம் ஊதியதில் சிறந்த இரண்டும் 150 மில்லிலீற்றருக்குள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். அம்மா சரியாக ஊதாமல் விட்டால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. வீட்டில் வைத்து ஊதுகிற சின்னப் பிளாஸ்டிக் மீற்றரில் இந்தத் திருத்தம் எதுவும் கிடையாது, ஆகவே அதன் எண்ணை இந்தத் தாளோடு ஒப்பிட வேண்டாம். அதை அதனோடு மட்டுமே ஒப்பிட வேண்டும், அதே ஆள், அதே மீற்றர்.

கடைசியாக, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கிளையிலிருந்தும் கேட்கிறீர்கள். ஸ்பைரோமீற்றர் வாங்கி அனுப்புவதானால், அனுப்புவதற்கு முன் அதைப் பயன்படுத்தப் போகிற தாதியரோடு பேசுங்கள், வைத்தியரோடு மட்டும் வேண்டாம். கருவியோடு 3 லீற்றர் அளவுப் பிச்சுக்குழாய் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். தினமும் காலையில் அதனால் காற்றைத் தள்ளி, கருவி 2.91க்கும் 3.09க்கும் இடையில் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கருவி இருக்கிற அதே அறையில், வெயில் படாமல் வைக்க வேண்டும். வேறு அறையில் வைத்தால் அதற்குள் இருக்கிற காற்றின் சூடு வேறு, நாம் இவ்வளவு நேரம் பேசிய பிழை சரிபார்க்கிற இடத்திலேயே புகுந்துவிடும். வாய்க்குழாய்களும் வடிகட்டிகளும் ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு வேண்டும், அவை முடிந்ததும் அலுமாரிக்குள் போய் உட்கார்ந்த கருவிகளைக் கண்டிருக்கிறோம். சுவர் வெப்பமானியை மட்டும் அனுப்ப வேண்டாம். அது மாத்தளைக் கடைத்தெருவிலேயே கிடைக்கும், நாங்கள் வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.